துட்டி வீடென்று நினைத்து உட்கார்ந்தேன்

எய்யா கணேசா,

மழை விட்டு வெயில் லேசாகத் தலைகாட்டுகிற நேரம். ஓட்டலில் மத்தியானப் பந்தி முடிந்துவிட்டது. தேங்காய் துருவிய வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆரியசாலை முழுக்க ஈரச் சாக்கு வாசனை. எதிர்க்கடையில் மிளகாய் மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள் போல, போகிறவன் வருகிறவன் எல்லாம் தும்முகிறான். உன் அண்ணன் முத்து இருந்தால் ஒவ்வொரு தும்மலுக்கும் "நூறாயுசு" என்று சொல்லிச் சிரிப்பான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். எழுதுவதை, நான் மாசாமாசம் போய் உட்காருகிற கூட்டத்தில் வாசிக்கலாமா என்று அதை நடத்துகிற டீச்சர் கேட்டார்கள். மகனுக்கு எழுதுவதை ஊர் எதற்குக் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். நீ என்னிடம் கோபப்பட்டதே நான் ஊரோடு உட்கார்ந்ததற்காகத்தானே. அதனால் ஊரும் கேட்கட்டும்.

தையில் உனக்குக் கல்யாணம். நாகர்கோவில் பெண்ணின் போட்டோவை ஓட்டலில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். சாம்பார் கரண்டி பிடிக்கிற மணியண்ணன் பார்த்துவிட்டு, "பொண்ணு கொள்ளாம், நல்லாருக்கா அக்கா, பயலுக்குத்தான் கொஞ்சம் சிரிக்கச் சொல்லிக் குடுங்க" என்றார். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன். நீ வேறொன்று கேட்டாய்.

"யாம்மா, அந்தக் கூட்டத்துக்கு இன்னும் போறியா?"

"போறேன்."

"அவளும் வாராளா?"

"லீலாவா. வருவா."

"அண்ணனக் கொன்னவனோட அம்மைகிட்ட கை நனைச்சிட்டு வந்து நிக்க. வெக்கமா இல்ல ஒனக்கு?"

நீதான் கடைசியில் சொன்னாய், "அந்தக் கையால எனக்குத் துன்னூறு பூச வேண்டாம்" என்று. அதோடு போனை வைத்துவிட்டாய். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. மணியண்ணன்தான் ஓடி வந்து இறக்கினார்.

நீ சொன்னதில் பிசகு இல்லை, ஐயா. நம் பக்கத்தில் பகை வீட்டில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம். உன் அப்பாவின் ஊரில் ஒரு வரப்புச் சண்டையில் இரண்டு வீட்டுக்காரர்கள் மூன்று தலைமுறையாக அப்படியே கிடந்தார்கள். அந்த ஊரில்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் எப்படிப் போய்க் கை நனைத்தேன் என்று யாரோ உனக்குச் சொன்னதுதான் உனக்குத் தெரியும். நான் சொல்லி நீ கேட்டதில்லை. அதைச் சொல்கிறேன்.

அந்த ஓணத்துக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்தார்களே, நினைவிருக்கிறதா. மரத்துக்கு மரம் பச்சையும் சிவப்பும் மின்னிக்கொண்டிருந்தது. ஓட்டலில் மறுநாள் ஓணச் சாப்பாட்டுக்கு இலை வேண்டும் என்று முத்துவிடம் சொல்லியிருந்தேன். சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கி முடித்துவிட்டு, இலைக்கட்டை வலது தோளில் வைத்துக்கொண்டு அவன் வந்தான். விளக்கு வைக்கிற நேரம். முக்கில் இரண்டு கூட்டத்துப் பயல்கள் கொடிக்கம்பத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே குழியில் என் கொடிதான் நிற்க வேண்டும் என்று இவனும், என் கொடிதான் என்று அவனும். கல் பறந்திருக்கிறது. தோளில் இலைக்கட்டு இருந்ததால் கல் வந்த பக்கம் முத்துவுக்குத் தெரியவில்லை. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடிப்போனபோது அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டில் இலைகள் மட்டும் விரிந்து கிடந்தன. பந்திக்குப் போட்ட மாதிரி. மழைத்தூறல் விழுந்து ஒவ்வொரு இலையும் பளபளவென்று இருந்தது. பந்தி போட்டுவிட்டு ஆட்கள் எங்கே போனார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இன்றைக்கும் இலை போடும்போது அந்த நினைப்பு வரும். போட்டுவிட்டு ஒரு நொடி நிற்பேன். மணியண்ணன் அடுத்த இலையை எடுத்துக் கொடுப்பார்.

அதற்குப் பிறகு நீதான் எல்லாம் செய்தாய். ஆஸ்பத்திரி, போலீஸ், மயானம் எல்லாம். கையில் போனை வைத்துக்கொண்டு நின்றபடியே இருந்தாய். ஊரிலிருந்து ஆட்கள் வர முடியவில்லை, பஸ் ஓடவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். நம் லைன் வீட்டில் அக்கம்பக்கத்து மலையாளத்துப் பெண்கள் வந்து வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நல்லவர்கள்தான். ஆனால் யாரும் என்னைக் கட்டி அழவில்லை. அவர்களுக்கு அது வழக்கமில்லை. தோளில் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து, சொல்லி அழ எனக்கு ஒரு ஆள் இல்லை. தனியாக ஒப்பாரி வைத்துப் பார்த்தேன். பாதியில் குரல் நின்றுபோனது. எதிர்க்குரல் இல்லாமல் ஒப்பாரி நடக்காது, ஐயா. நீயும் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனாய். லீவு இல்லை. நான் குறை சொல்லவில்லை.

அதன்பிறகு நான் நடந்த நடை எல்லாம் தூக்கத்தில் நடந்த மாதிரி. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக மாட்டேன். சாலைக் கடைத்தெரு வழியாகப் போவேன். பூக்கடை, பாத்திரக்கடை, கருவாட்டு வாடை, கோட்டை வாசல். எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. முத்து அடிக்கிற மாதிரி யாராவது சீட்டி அடித்தால் திரும்பிப் பார்ப்பேன். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிழக்கேகோட்டையில் அந்தப் பூங்காவுக்குள் போய்விட்டேன். மரத்தடியில் கொஞ்சம் பேர் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. நடுவில் ஒரு விளக்கு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா. யார் வீட்டுத் துட்டியோ என்று நினைத்தேன். இந்த ஊரில் துட்டி என்றால் யாருக்கும் புரியாது, மரண வீடு என்றுதான் சொல்வார்கள். நம் பக்கத்தில் துட்டியைக் கண்டால் தாண்டிப் போகக் கூடாது. தெரிந்தவரோ தெரியாதவரோ, கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து போக வேண்டும். யார் போனது என்று கேட்பதுகூட மரியாதை இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அவள் தோளில் கையைப் போட்டேன். தலையைச் சாய்த்தேன். குரல் தானாக வந்துவிட்டது.

அவர்கள் திடுக்கிட்டுப் போயிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பேசாமல் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு. நான் போய்ப் பெருங்குரலெடுத்து அழுகிறேன். "எலே முத்து, எய்யா முத்து" என்று நான் சொன்னபோது, என் கைக்குள் இருந்த அந்தப் பெண்ணின் உடம்பு கட்டை மாதிரி ஆனது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அவளும் என் தோளில் கையைப் போட்டாள். அவளுக்குச் சொல்லி அழத் தெரியாது. ம், ம் என்று அடித்தொண்டையில் முனகினாள். எனக்கு அது போதுமாக இருந்தது. எதிர்க்குரல் கிடைத்துவிட்டது. முத்து பிறந்தது, நடந்தது, மூட்டை தூக்கியது, இலை சுமந்தது எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கோபுரத்துப் புறாக்கள் ஒருமுறை எழுந்து சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தன.

அழுது ஓய்ந்ததும் கண்ணாடி போட்ட ஒரு வயசான அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்தவர், எல்லோரும் டீச்சர் என்பார்கள். "அம்மே, நிங்களாணோ முத்துவின்டெ அம்மா?" என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கூட்டமே நம் பிள்ளைக்காகத்தான். கொடிக்கும் கம்பத்துக்கும் ஒருத்தன் சாகாத தெரு வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் வந்து உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீ எதுவும் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறாய். அது அப்போது உனக்குத் தோன்றியது. அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

பக்கத்தில் இருந்தவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். இலையடை. வாழையிலையில் வைத்து அவித்த, உள்ளே வெல்லமும் தேங்காயும். "கொறச்சு கழிக்கு, சேச்சி" என்று, கொஞ்சம் தின்னச் சொல்லிப் பிரித்துக் கையில் வைத்தாள். துட்டி வீட்டில் யாராவது ஊட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது அல்லவா. தின்றேன். முத்து போன பிறகு நாக்கில் ருசி தெரிந்தது அப்போதுதான். இலை வாசனை முகத்தில் அடித்தது. நான் தின்று முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "சேச்சி, கல்லெறிஞ்ஞது என்டெ மோன் ஆணு."

நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொன்னவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுந்தேன். பூங்காக் குழாய்க்குப் போய் வாயைக் கொப்புளித்தேன். விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் வாயில் அந்த வெல்ல ருசி. அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன், என்னையும் ஏசினேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான் இருந்தேன்.

ஆனால் அடுத்த மாசக் கூட்டத்துக்குக் கால் தானாகப் போனது. செருப்பை எடுக்கப் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டீச்சர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். லீலா எதிர்ப்பக்கத்தில், எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர்கள் வேறு யாருக்காகவோ உட்கார்ந்தார்கள். எங்கேயோ கடலுக்கு அப்பால் ஒரு ஊரில் குண்டு போடுகிறார்களாம், பிள்ளைகள் சாகிறதாம். ஊர் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் அங்கேயும் ஒருத்தி இலை விரித்துவிட்டு நிற்பாள் அல்லவா. நான் உட்கார்ந்தேன். அதற்கடுத்த மாசத்திலிருந்து சுக்குக்காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். கருப்பட்டியை ஓட்டல் முதலாளி தருகிறார்.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் நீகூடச் சிரிப்பாய். வடக்கேயிருந்து கூலி வேலைக்கு வந்த ஒருத்தனைத் திருடன் என்று சந்தேகப்பட்டு எங்கோ கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். அதற்காகக் கூட்டம். இரண்டு மரத்துக்கு நடுவில் பேனர் கட்டச் சொன்னார் டீச்சர். ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஒரு வங்காளத்துக் கொத்தனார். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இழுத்துக் கட்டிவிட்டு இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டோம். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். நம் கூட்டத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குப் பெருமை. லீலாதான் எழுந்து வந்தாள், முதல் தடவையாக என் பக்கம். "சேச்சி, இது வாயிக்கணமெங்கில் ஆளுகள் தலகீழாயிட்டு நிக்கணும்" என்றாள். தலைகீழாகக் கட்டியிருக்கிறோம். கொத்தனாருக்கு யாரோ இந்தியில் சொல்ல, அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்து, சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியாமல், மறுபடியும் அவள் தோளில்தான் கை போட்டிருந்தேன்.

ஒரு டிவிக்காரர் வந்து மைக்கை நீட்டினார். "அம்மா, நீங்க மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். "காப்பி ஆறிப்போவும், முதல்ல குடிங்க" என்றேன். வேறென்ன சொல்ல. மன்னித்தேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை, கணேசா. லீலாவும் கேட்டதில்லை. கேஸ் நடக்கிறபடி நடக்கட்டும். அவள் மகன் பெயரை யாராவது சொன்னால் இப்போதும் எழுந்து குழாய்ப் பக்கம் போய்விடுவேன். அவனைப் பார்க்க அவள் ஜெயிலுக்குப் போய்விட்டு வருகிற நாளில் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். முத்துவுக்குத் திதி கொடுத்த நாளில் என் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்தது. என் காப்பிப் பாத்திரங்களை அவளே வாங்கிக் கழுவினாள். எங்களுக்குள் இருப்பது அவ்வளவுதான். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்தாலும் தெரியும்.

உனக்கு ஒன்று நினைவிருக்குமோ என்னவோ. வலியசாலையில் இருந்தபோது, குழாயடியில் பம்பரத்துக்காக நீயும் அண்ணனும் சண்டை போட்டீர்கள். முத்துவின் புருவத்தில் காயம். "படி வழுக்கிட்டும்மா" என்றான். காப்பித்தூளை வைத்து அமுக்கினேன். குழாய்ப் பக்கம் குடத்தை எடுக்கப் போனபோது அங்கே கிடந்த ஒரு சின்னக் கல்லில் ரத்தம் இருந்தது. நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிட வரவில்லை. அவன்தான் உன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, கதவிடுக்கில் உட்கார்ந்து உனக்கு ஊட்டினான். நீ தேம்பித் தேம்பி அழுதுகொண்டே தின்றாய். அந்தத் தழும்பை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் நான் அவனை அடையாளம் சொன்னேன். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, ஐயா. சின்னப் பிள்ளைகளின் சண்டையும் இதுவும் ஒன்று என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. நீ அழுது நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதைச் சொல்லத்தான் எழுதினேன். அண்ணனை எரித்துவிட்டு வந்தும் நீ அழவில்லை. உனக்குத் தோள் கொடுக்க யார் இருந்தார்கள். எனக்காவது ஒரு துட்டி வீடு கிடைத்தது, தவறுதலாக.

நாகர்கோவில் பெண் வீட்டுக்கு வந்த பிறகு, அவள் என்றைக்காவது அழுதால், ஏன் அழுகிறாய் என்று உடனே கேட்காதே. பக்கத்தில் உட்கார். சண்டை போட்டால் நன்றாகப் போடு, சோற்றை மட்டும் மறுக்காதே. அவளுடைய ஆட்களைப் பற்றி அவள் எதிரில் ஒரு சொல் பேசாதே. பிள்ளைகள் பிறந்து, தெருமுனையில் கொடிக்கும் கம்பத்துக்கும் ஆள் கூப்பிட்டால், போகாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. பெரியப்பா இலை சுமந்துகொண்டு வந்த கதையைச் சொல்.

இப்போதெல்லாம் ஒரு கனவு வருகிறது. கனவு என்று சொல்வதற்கும் இல்லை, மத்தியானம் இந்தப் படியில் கண்ணைச் சொக்குகிறபோது வருகிறது. அந்தப் பூங்காவேதான். மரத்தடியில் முத்து நிற்கிறான், தோளில் இலைக்கட்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக இலை போட்டுக்கொண்டே போகிறான். அந்தக் கொடிக்காரப் பயல்கள், இந்தக் கொடிக்காரப் பயல்கள், கொத்தனார், டீச்சர் எல்லோரும் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். பேர் தெரியாத அந்த ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோரும் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் இன்னும் சோறு வடிக்கவில்லை. முத்து கையில் கடைசியாக ஒரு இலை இருக்கிறது. "யம்மா, இது யாருக்கு?" என்று கேட்கிறான். நான் வாயைத் திறக்கும்போது யாராவது தும்மிவிடுகிறார்கள். கண் விழித்துவிடுகிறது.

நீ கேட்காமல் மனசில் வைத்திருப்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லீலா கல்யாணத்துக்கு வர மாட்டாள். நான் சொல்லித் தடுக்கவில்லை, அவளே சொன்னாள். "ஞான் வரூல்ல சேச்சி. மோன் விஷமிக்கண்டா." நீ சங்கடப்பட வேண்டாமாம். ஆனால் கூட்டத்துக்குப் போவதை நான் விட மாட்டேன், ஐயா. நீ எவ்வளவு கோபப்பட்டாலும் விட மாட்டேன். முத்துவின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழ எனக்கு இந்த ஊரில் அது ஒன்றுதான் இடம். அதை விட்டால் அவன் எனக்கு ஒரு போட்டோவாகிப்போவான்.

கல்யாணத்தன்று, தாலி கட்டப் போகுமுன் திருநீறு பூசுகிற நேரம் வரும். உன் அத்தை பூசட்டும். எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வருத்தம் இருக்கும், ஆனாலும் நிற்பேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்தில், தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை கழுவிவிட்டு வா என்று நீ சொன்னால் கழுவுவேன். ஆனால் அந்த இலையடை தின்ற கை வேறு, உன்னைத் தூக்கிய கை வேறு என்று பிரித்துக் கழுவ எனக்குத் தெரியாது. நீயும் அண்ணனும் அப்பாவைப் போல உயரமாக வளர்ந்துவிட்டீர்கள். முத்து எப்போதும் சொல்லாமலே குனிவான். நீ நிமிர்ந்து நின்றால் எனக்கு உன் நெஞ்சு வரைக்கும்தான் எட்டும். குனிந்தால் நெற்றி எட்டும். தட்டில் திருநீறு இருக்கும். நான் அங்கே நிற்பேன்.

உன் அம்மா